பிள்ளை சொல்லாத தலையிடி



சென்ற மாதம் எமது நலவாழ்வு நிகழ்ச்சியில் விளையாட்டுக் காயங்கள் பற்றிப் பேசினோம். கணுக்கால் சுளுக்கு, முழங்கால் நோ, தோள்மூட்டு விலகல் என்று பல கேள்விகள் வந்தன. நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பிள்ளைக்குத் தலையில அடிபட்டா நித்திரை கொள்ள விடக்கூடாது எண்டு சொல்லுகினம். உண்மையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இம்மாத உரையை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வைத்தியன் அல்லன். இந்த விடயத்தில் ஒரு முறை பிழைவிட்ட தகப்பன். அந்தப் பிழையில் இருந்துதான் படித்தேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2017ஆம் ஆண்டு மே மாதம், விக்டோரியா நாள் நீண்ட வார இறுதி. ஸ்காபரோவில் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. மகனுக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டு வேலை செய்துகொண்டிருந்த நான், அவனுடைய ஆட்டத்தைப் பார்க்க அபூர்வமாக ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

அரையிறுதியில் உயர்ந்து வந்த பந்தைத் தலையால் அடிக்க இரண்டு பிள்ளைகள் ஒன்றாகப் பாய்ந்தார்கள். தலையும் தலையும் மோதியது. மகன் கீழே விழுந்தான். மயங்கவில்லை, இரத்தமும் வரவில்லை. ஒரு நிமிடம் புல்லில் குந்தியிருந்தான். யாரோ தண்ணீரை முகத்தில் தெளித்தார்கள். பயிற்றுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மகனைப் பார்த்து, "ஓகேயா?" என்றேன். அவன் தலையாட்டினான். நானும் பயிற்றுநருக்குக் கையைக் காட்டினேன். அந்த ஆட்டம் முழுவதும் விளையாடினான். பின்னேரம் இறுதி ஆட்டமும் விளையாடினான். கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தோம்.

காரில் ஒரு சொல்லும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். இரவு வரவேற்பறை விளக்கை அணைக்கச் சொன்னான். தாயார் தலையிடிக்கு இரண்டு மாத்திரை கொடுத்துப் படுக்க விட்டார். செவ்வாய்க்கிழமை பாடசாலையில் இருந்து அழைப்பு வந்தது. பிள்ளை மேசையில் தலையை வைத்துப் படுத்திருக்கிறான், கரும்பலகையில் உள்ளதை வாசிக்க முடியவில்லை என்கிறான், வந்து கூட்டிச் செல்லுங்கள் என்றார்கள்.

வைத்தியர் அவனிடம் கேட்டார்: "அடிபட்ட உடனேயே தலையிடி இருந்ததா?" இருந்தது என்றான். பந்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது என்றான். ஏன் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "நீங்கள் லீவு எடுத்துக்கொண்டு வந்தனீங்கள், அப்பா. அதுதான் சொல்லேல்லை."

அவன் முழுவதும் தேற ஆறு கிழமை சென்றது. எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதே நாளில் இன்னொரு அடி விழவில்லை. எல்லாப் பெற்றோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

ரோவன் என்ற பிள்ளை

ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கருக்கு 2013இல் 17 வயது. தனது பாடசாலையின் பெண்கள் ரக்பி அணிக்கு அவர்தான் தலைவி. அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு கிழமைக்குள் அடுத்தடுத்து அவருக்குத் தலையில் அடிபட்டது. தனக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். தோழிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறார். அந்தச் சந்தேகம் பெற்றோர் காதுக்கோ பயிற்றுநர் காதுக்கோ போய்ச் சேரவில்லை. மே 8ஆம் திகதி ஆட்டத்தில் மீண்டும் அடிபட்டு நினைவிழந்தார். நான்கு நாட்களின் பின் வைத்தியசாலையில் இறந்தார்.

முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி விழுந்து மூளை வீங்குவதுதான் அவருடைய மரணத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டது. இது அரிதாகவே நடக்கும். நடந்தால் பெரும்பாலும் இளவயதினருக்கே நடக்கிறது.

2015இல் நடந்த மரண விசாரணையில் நடுவர் குழு 49 பரிந்துரைகளை முன்வைத்தது. ரோவனின் பெற்றோர் ஓயாமல் பாடுபட்டார்கள். 2018 மார்ச்சில் ஒன்ராறியோ சட்டமன்றம் "ரோவன் சட்டம்" என்ற பெயரிலேயே சட்டம் நிறைவேற்றியது. கனடாவில் மூளை அதிர்வுக்கென்று வந்த முதலாவது சட்டம் அது.

எங்கள் மகனும் ரோவனும் செய்தது ஒன்றே. இருவரும் தங்கள் நிலையைப் பெரியவர்களிடம் முழுமையாகச் சொல்லவில்லை. ஆகவே பிள்ளை வந்து சொல்லும் என்று நாங்கள் காத்திருக்கக் கூடாது. இந்த உரையில் வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நிற்கட்டும்.

மூளை அதிர்வு என்றால் என்ன?

பிள்ளைகள் இதைக் "கொன்கஷன்" என்பார்கள். முட்டையைக் குலுக்கினால் ஓடு உடையாமலே உள்ளே மஞ்சட்கரு ஆடுவது போல, மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் இருக்கும் மூளை திடீரென்று அசைக்கப்படுகிறது. அடி தலையில்தான் விழவேண்டும் என்பதில்லை. நெஞ்சிலோ முதுகிலோ இடிபட்டுத் தலை சடாரென்று ஆடினாலும் போதும்.

அந்த அசைவில் நரம்புக் கலங்கள் இழுபடுகின்றன. கலங்களுக்கு உள்ளும் வெளியும் இருக்கவேண்டிய உப்புகளின் சமநிலை குழம்புகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழமையிலும் கூடிய சக்தி தேவை. அதே நேரத்தில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீட்டின் நிலைமைதான். அதனால்தான் பிள்ளைக்கு வாசிக்க முடிவதில்லை, வெளிச்சம் பிடிப்பதில்லை, சிறிய வேலைக்கும் களைக்கிறது. இந்த நிலையில் இருக்கும் மூளைக்கு இரண்டாவது அடி மிகவும் ஆபத்தானது.

இது மூளையின் செயற்பாட்டில் ஏற்படும் குழப்பம். சீ.ரி. ஸ்கானிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "ஸ்கானில் ஒன்றும் இல்லை" என்றால் இரத்தக் கசிவோ முறிவோ இல்லை என்பதுதான் பொருள். மூளை அதிர்வு இல்லை என்பதல்ல. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்பதும் தவறு. பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில் மயங்குவதே இல்லை.

தலைக்கவசம் போட்டால் வராது என்று நினைப்பவர்களும் உண்டு. தலைக்கவசம் மண்டையோட்டு முறிவைத் தடுக்கும். அதற்காகக் கட்டாயம் போடத்தான் வேண்டும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் முற்றாகத் தடுக்க முடியாது. ஹொக்கி விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்கவும். பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல்: உதைபந்தாட்டம் போன்று இருபாலாரும் ஆடும் விளையாட்டுகளில் பெண் பிள்ளைகளுக்கே இது கூடுதலாக ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எப்படி அறிந்துகொள்வது?

மைதானத்தில் நாங்கள் காணக்கூடியவை:
1. விழுந்தபின் எழும்பத் தாமதித்தல், தலையைப் பிடித்துக்கொண்டிருத்தல்.
2. தள்ளாடுதல், கால் பின்னுதல்.
3. வெறித்த பார்வை, கேட்டதற்குத் தாமதித்துப் பதில் சொல்லுதல்.
4. எந்தப் பக்கம் அடிக்க வேண்டும், தான் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தடுமாறுதல்.

பிள்ளை உணரக்கூடியவை:
1. தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருவது போன்ற உணர்வு.
2. கண் மங்குதல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை.
3. "மூளைக்குள் புகார் மாதிரி இருக்கு" என்பது போன்ற மந்தம்.

வீட்டில் பிறகு தெரிபவை:
1. நித்திரை வராமை அல்லது அளவுக்கு மிஞ்சிய நித்திரை.
2. காரணமில்லாத கோபம், அழுகை, எரிச்சல்.
3. படித்தது மனதில் நிற்காமை.

அறிகுறிகள் சில மணிநேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ கூட வெளிவரலாம். மூன்றாவது பட்டியலில் உள்ளவற்றை எங்கள் வீடுகளில் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறோம். "வளர்ந்திட்டான், இப்ப வாய் காட்டுறான்" என்று ஏசுகிறோம். அந்தக் கிழமையில் பிள்ளை விழுந்ததா, இடிபட்டதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

மைதானத்தில் கேட்கச் சில கேள்விகள் உண்டு. இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம்? இது முதற்பாதியா இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? சென்ற ஆட்டம் யாரோடு, வென்றோமா? ஒன்றுக்குப் பிழையான பதில் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாலும், வேறு அறிகுறி இருந்தால் வெளியேதான். "ஓகேயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் தலையாட்டும்.

உடனே செய்ய வேண்டியது

சந்தேகம் வந்த அந்தக் கணத்திலேயே ஆட்டத்தில் இருந்து எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு மீண்டும் இறக்கக் கூடாது. "பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகட்டும்" என்பது இல்லை. இறுதி ஆட்டமாக இருந்தாலும் இல்லை. தனியே விடாமல் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளை தானாக வீட்டுக்குப் போகக் கூடாது. வாகனம் ஓட்டும் வயதுப் பிள்ளை என்றால் வாகனம் ஓட்டவும் கூடாது.

பின்வரும் ஒன்றையேனும் கண்டால் உடனே 911ஐ அழையுங்கள்:
1. கழுத்து நோ. இதில் பிள்ளையை அசைக்கவோ தூக்கவோ வேண்டாம். தலைக்கவசத்தையும் கழற்ற வேண்டாம்.
2. கூடிக்கொண்டே போகும் கடுமையான தலையிடி.
3. திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல்.
4. வலிப்பு.
5. நினைவிழத்தல், அல்லது எழுப்ப முடியாத அளவு மயக்கம்.
6. இரண்டு இரண்டாகத் தெரிதல்.
7. கை கால் பலவீனம், விறைப்பு, கூச்சம்.
8. ஆட்களை அடையாளம் தெரியாமை, கூடிவரும் குழப்பம் அல்லது மூர்க்கம்.

இவை இல்லாவிட்டாலும் குடும்ப வைத்தியரிடம் அல்லது நடமாடும் நோயாளர் கிளினிக்கில் கூடிய விரைவில் காட்ட வேண்டும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் பதிவுபெற்ற தாதியுடன் பேசலாம். காசு கட்டவேண்டி வரும் என்று யாரும் பின்நிற்க வேண்டாம். ஓஹிப் அட்டை உள்ளவர்களுக்கு வைத்தியரைப் பார்ப்பது இலவசம். அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்களுக்கும் இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டத்தில் வைத்தியரையும் அவசரப் பிரிவையும் நாடலாம்.

நித்திரை கொள்ள விடலாமா?

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை, வைத்தியரும் பார்த்துவிட்டார் என்றால் பிள்ளை தாராளமாக நித்திரை கொள்ளலாம். நித்திரை மூளை தேறுவதற்கு உதவும். மணிக்கொரு தடவை தட்டி எழுப்புவது பழைய வழக்கம். வைத்தியர் அப்படிச் சொன்னால் மட்டும் செய்யுங்கள். முதல் இரவு அதே அறையில் ஒருவர் படுத்து, மூச்சையும் அசைவையும் கவனித்தால் நல்லது.

மாத்திரை விடயத்திலும் கவனம் வேண்டும். தலையிடிக்கு ரைலனோல் கொடுக்கலாம். இரத்தக் கசிவு இல்லை என்று வைத்தியர் சொல்லும்வரை அஸ்பிரின், அட்வில் போன்றவை வேண்டாம். மாத்திரையால் தலையிடி அடங்கியதும் "சுகம்" என்று மைதானத்துக்கு அனுப்பவே கூடாது.

எப்படித் தேறுவது?

முன்பெல்லாம் இருட்டறையில் நாட்கணக்கில் படுக்க வைத்தார்கள். எங்கள் மகனையும் ஒரு கிழமை அப்படித்தான் வைத்திருந்தோம். இப்போது வைத்தியர்கள் அப்படிச் சொல்வதில்லை. முதல் 24 முதல் 48 மணிநேரம் அளவான ஓய்வு. வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம், சாப்பிடலாம். தொலைபேசி, கணினி, வீடியோ விளையாட்டு ஆகியவற்றை அந்த இரண்டு நாளும் நன்றாகக் குறைக்க வேண்டும். அதன்பின் மெல்லிய நடை நல்லது. அதிக நாள் முடங்கிக் கிடந்தால் தேறுவது தாமதிக்கும். பிள்ளையின் மனமும் சோர்ந்துவிடும்.

அடுத்தது பாடசாலை. விளையாட்டுக்கு முன் படிப்பு, இதுதான் ஒழுங்கு. முதலில் வீட்டில் கொஞ்சம் வாசிப்பு, பிறகு அரை நாள் பாடசாலை, பிறகு சலுகைகளுடன் முழு நாள், கடைசியில் வழமைபோல். ஒன்ராறியோவில் ஒவ்வொரு பாடசாலைச் சபைக்கும் இதற்கென ஒரு கொள்கை இருக்க வேண்டும். சோதனையைப் பிற்போடலாம், வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம், இடையிடையே அமைதியான அறையில் இருக்க விடலாம். இதைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். விளையாட வேண்டும் என்ற ஆசையில் பாதியை விழுங்கிவிடும்.

விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படிகளில்:
1. வீட்டு அன்றாட வேலைகளும் அளவான ஓய்வும்.
2. நடை, நிலையான சைக்கிள் போன்ற மெல்லிய உடற்பயிற்சி. பின் சற்றுக் கூட்டலாம்.
3. தனியே ஓடுதல், பந்தைத் தட்டுதல். தலையில் அடிபட வாய்ப்புள்ள எதுவும் இல்லை.
4. அணியோடு பயிற்சி, ஆனால் மோதல் இல்லை.
5. வைத்தியர் அல்லது தாதி வைத்தியர் அனுமதித்த பின் முழுமையான பயிற்சி.
6. போட்டி.

ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் நிற்க வேண்டும். முதல் மூன்று படிகளில் தலையிடி சற்றே தலைகாட்டி ஒரு மணிநேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. அதைவிடக் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த நாள் பார்க்க வேண்டும். நான்காம் படிக்குப் போகும்போது அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. பெரியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு கிழமை அளவில் தேறிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு நான்கு கிழமை வரை செல்லலாம். அதற்கு மேலும் நீடித்தால் மூளை அதிர்வில் அனுபவமுள்ள நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரோவன் சட்டத்தின்படி, அதற்குள் வரும் விளையாட்டு அமைப்புகளில் 26 வயதுக்குட்பட்ட வீரர்கள் ஒவ்வோர் ஆண்டும் மூளை அதிர்வு பற்றிய அரசின் விளக்கக் கையேட்டை வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரும் வாசிக்க வேண்டும். பயிற்றுநர்களுக்கும் நடுவர்களுக்கும் இது பொருந்தும். சந்தேகம் வந்தால் வீரரை உடனே விலக்க வேண்டும். வைத்தியரின் அனுமதியின்றி மீண்டும் சேர்க்கக் கூடாது. செப்ரெம்பர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை ரோவன் சட்ட நாளாக நினைவுகூரப்படுகிறது.

பதிவுப் படிவங்களோடு வரும் அந்தத் தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைப்பவர்கள் எங்களில் அதிகம். அடுத்த முறை பிள்ளையை அருகில் இருத்தி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் நடத்தும் சுற்றுப்போட்டிகள் இருக்கின்றன. உதைபந்தாட்டம், துடுப்பாட்டம், கபடி என்று பெரியவர்களும் விளையாடுகிறோம். அந்தப் போட்டிக்குச் சட்டம் பொருந்துமா என்று ஆராய்வதை விட, மைதானத்தில் ஒருவரை இதற்கென்றே நியமிப்பது சுலபம். தலையில் அடிபட்டவரை வெளியே அழைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். அவர் சொன்னால் பயிற்றுநரும் தகப்பனும் பேசாமல் இருக்க வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வார்த்தை

எறிகணைச் சத்தத்துக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் இருந்து வந்தவர்களுக்கு, ஒரு பந்து தலையில் பட்டது பெரிய விடயமாகத் தெரிவதில்லை. "நாங்கள் படாத அடியா?" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். இன்று வரை தலையிடியோடும் நித்திரையின்மையோடும் வாழ்கிறவர்கள் எங்களில் எத்தனை பேர்? குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டதை வைத்தியரிடம் இன்னும் சொல்லாதவர்கள் எத்தனை பேர்? அதையும் சொல்லுங்கள், இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது வேறு வழி இல்லாததால். எங்கள் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகள் அறிவார்கள். எங்களுடைய நேரமும் காசும் வீணாகக் கூடாது என்று தங்கள் நோவை மறைக்கிறார்கள். ஆகவே ஆட்டத்துக்குப் போகும் வழியில், காரிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "தலையில பட்டா உடன சொல்லு. ஒருத்தரும் ஏசமாட்டினம். நான் லீவு எடுத்தது உன்னைப் பாக்கத்தான், கப்பைப் பாக்க இல்லை."

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். கிழமைக்கு ஒரு நாள் சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறான். சென்ற கோடையில் ஒரு சிறுவன் கோல்கம்பத்தில் இடிபட்டபோது, அவனை வெளியே கூட்டிவந்து இருத்தினான். தகப்பன் ஓடிவந்து, "அவனுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி, விடும்" என்றார். மகன், "இல்லை அங்கிள், இண்டைக்கு அவர் விளையாடமாட்டார்" என்றான். பக்கத்தில் நின்ற நான் அந்தத் தகப்பனுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, எங்கள் கதையைச் சொன்னேன்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம். உங்கள் கேள்விகளை வழமைபோல் நிலையத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள்.